லேசர் வழிகாட்டும் ஏவுகணை எதனால் பறக்கிறது, எப்படித் திரும்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 செப்டம்பர் 22 அன்று, மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் துப்பாக்கிச் சூட்டுத் திடலில் அர்ஜுன் டாங்கியிலிருந்து ஓர் ஏவுகணை சுடப்பட்டது. அது 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த இலக்கைத் தாக்கியது. லேசர் வழிகாட்டுதலில் இயங்கும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை என்று செய்தித்தாள்கள் எழுதின. இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. லேசர்தான் அதைத் தள்ளுகிறதா? இறுதிவரை எரிந்துகொண்டே போகுமா? அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

லேசர்தான் ஏவுகணையைத் தள்ளுகிறதா?

இல்லை. தள்ளுவது ராக்கெட் மோட்டார். லேசருக்கு உள்ள ஒரே வேலை வழி காட்டுவது, பெரும்பாலும் இலக்கின் மேல் ஒரு புள்ளியைக் காட்டி. ஒளிக்கும் மிகச் சிறிய அழுத்தம் உண்டு என்பது இயற்பியல் உண்மைதான். ஆனால் பல கிலோ எடையுள்ள உலோகத்தை நகர்த்த அது எந்த வகையிலும் போதாது. இலக்கை எரித்து அழிப்பதும் லேசர் அல்ல, ஏவுகணையின் தலையில் உள்ள வெடிமருந்துதான். லேசரே ஆயுதமாகும் கருவிகள் தனி வகை. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் மோட்டார் எப்படி வேலை செய்கிறது?

இந்த வகை ஏவுகணைகளில் பெரும்பாலானவை திட எரிபொருளில் இயங்குகின்றன. எரியும் பொருளையும் அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் பொருளையும் ஒன்றாகக் கலந்து, ரப்பர் போன்ற கெட்டியான கட்டியாக மோட்டார்க் குழாய்க்குள் வைத்திருப்பார்கள். பற்றவைத்ததும் அது வெளிக்காற்றின் துணை இல்லாமலே எரியும். உருவாகும் சூடான வாயு பின்புறக் குறுகிய வாய் வழியாகப் பெரும் வேகத்தில் வெளியேறும். வாயு பின்னால் போவதன் எதிர்வினை ஏவுகணையை முன்னால் தள்ளுகிறது. வாயு வெளிக்காற்றை உதைப்பதால் ஏவுகணை நகர்கிறது என்று நினைப்பது தவறு. காற்றே இல்லாத இடத்திலும் ராக்கெட் இயங்குவது இதனால்தான்.

திட எரிபொருளை ஒருமுறை பற்றவைத்துவிட்டால் நிறுத்த முடியாது. நடுவில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எவ்வளவு உந்துவிசை, எத்தனை நொடி என்பதெல்லாம் கட்டியின் வடிவத்தை வார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. எரியும் பரப்பு அதிகமானால் வாயு அதிகம், பரப்பு குறைந்தால் வாயுவும் குறைவு. கட்டியின் நடுவே விடப்படும் துளையின் வடிவம் வரையில் பொறியாளர்கள் கவனம் செலுத்துவது இதற்காகவே. கட்டுப்பாடு இவ்வளவு குறைந்த மோட்டாரை ஏன் விரும்புகிறார்கள்? ஆண்டுக்கணக்கில் கிடங்கில் வைத்திருந்து எடுத்த உடனே சுடலாம் என்பதுதான் காரணம். நிரப்பவோ பழுது பார்க்கவோ அதில் பம்போ குழாயோ இல்லை.

இலக்கை அடையும் வரை மோட்டார் எரிந்துகொண்டே இருக்குமா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மற்ற பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமெரிக்காவின் ஹெல்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1970களில் வடிவமைப்பு தொடங்கி 1980களில் படையில் சேர்ந்த ஏவுகணை இது. நீளம் சுமார் 1.6 மீட்டர், விட்டம் 17.8 சென்டிமீட்டர், எடை சுமார் 45 கிலோ. இந்திய விமானப்படையின் அப்பாச்சி ஹெலிகாப்டர்களும் இதைச் சுமக்கின்றன. இதன் மோட்டார் எரிவது இரண்டு மூன்று நொடிகள் மட்டுமே. அதற்குள் ஏவுகணை ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். ஆனால் 8 கிலோமீட்டரைக் கடக்க அரை நிமிடத்துக்கும் சற்று மேல் ஆகும். அதாவது பயணத்தின் மிகப் பெரும்பகுதியில் மோட்டார் அணைந்தே இருக்கிறது. முதல் சில நொடிகளில் சேர்த்த வேகத்தை வைத்துத்தான் மீதித் தூரம் முழுவதையும் கடக்க வேண்டும்.

ஆகவே வேகம்தான் அதன் கையிருப்பு. காற்றின் எதிர்ப்பு அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருப்பமும் கூடுதலாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கையிருப்பு தீர்ந்துவிட்டால், இலக்கு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தும் பயனில்லை. திரைப்படங்களில் ஏவுகணை நிமிடக்கணக்கில் வளைந்து வளைந்து துரத்துவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். இருந்தாலும் உண்மை இதுதான்.

இறக்கையைத் திருப்பினால் ஏவுகணை எப்படித் திரும்புகிறது?

உடலில் பொதுவாக நான்கு சிறு துடுப்புகள் குறுக்காக அமைந்திருக்கும். அவை சில பாகை அசையும். துடுப்பின் மேல் படும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலில் ஏவுகணையின் மூக்கு சற்றே சாயும். இதுவரை நடந்தது திருப்பத்துக்கான ஆயத்தம் மட்டுமே. மூக்கு சாய்ந்தபின் உடல் முழுவதும் காற்றோட்டத்தைச் சாய்வாக எதிர்கொள்கிறது. அப்போது உடலின் மீதும் அசையாத இறக்கைகளின் மீதும் பிறக்கும் பக்கவாட்டு விசைதான் பாதையை வளைக்கிறது. துடுப்பு சாய்க்கிறது, திருப்புவது உடல்.

துடுப்பு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதில் வேறுபாடு உண்டு. விமானத்திலிருந்து வீசப்படும், லேசர் வழிகாட்டும் அமெரிக்கப் பேவ்வே வகைக் குண்டுகளில் அது மூக்குக்கு அருகே இருக்கும். மேலே போக வேண்டுமென்றால் மூக்கை மேலே தள்ளும். ஹெல்ஃபயரில் திசைமாற்றும் பகுதி வாலில் இருக்கிறது. வாலில் இருந்தால் மேலே போவதற்கு முதலில் வாலைக் கீழே அழுத்த வேண்டும். கண நேரம் ஏவுகணை எதிர்த்திசையில் நகர்ந்துவிட்டுப் பிறகுதான் மேலே எழும்பும். இந்தச் சிறு தாமதத்தையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டுப்பாட்டை வடிவமைக்கிறார்கள்.

பக்கவாட்டு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் அதே சாய்வில் கிடைக்கும் விசை கால்பங்காகிவிடும். காற்றின் அடர்த்தியும் முக்கியம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 60 சதவீதம்தான். 1999 ஜூன் 24 அன்று கார்கில் போரில் மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டும் குண்டுகளை வீசியது ஏறத்தாழ அந்த உயரத்தில் இருந்த இலக்கின் மேல்தான். சமவெளிக்காகப் போட்ட கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது.

எவ்வளவு கூர்மையாகத் திரும்ப முடியும்?

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போகும் ஏவுகணை, புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் இருமடியை முடுக்கத்தால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும்: 90,000ஐ 50ஆல் வகுத்தால் 1,800 மீட்டர். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டில்தான் அது வளைகிறது. கடைசி நூறு மீட்டரில் பெரிய திருத்தம் எதுவும் செய்ய முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே சிறு சிறு திருத்தங்களாகச் செய்துகொண்டு போக வேண்டும்.

லேசர் புள்ளியை ஏவுகணை எப்படிப் பார்க்கிறது?

யாரோ ஒருவர் இலக்கின் மேல் லேசரைப் பாய்ச்சுகிறார். சுட்ட ஹெலிகாப்டரிலேயே அவர் இருக்கலாம். வேறொரு விமானத்திலோ குன்றின் மேல் முக்காலியோடு அமர்ந்த சிப்பாயாகவோகூட இருக்கலாம். ஒளி இலக்கில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியில் ஒரு சிறு பங்கு ஏவுகணையின் கண்ணாடி மூக்கினுள் நுழைகிறது. உள்ளே இருக்கும் உணரி நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நான்கிலும் ஒளி சமமாக விழுந்தால் இலக்கு நேர் எதிரே இருக்கிறது. மேல் வலப் பகுதியில் அதிகமாக விழுந்தால் இலக்கு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேமராவும் தேவையில்லை, படத்தை அலசும் கணினியும் தேவையில்லை. 1960களின் மின்னணுவியலை வைத்தே இதைச் செய்ய முடிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம். தியோடர் மைமான் முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960 மே 16 அன்று. எட்டே ஆண்டுகளில், 1968இல், அமெரிக்கா லேசர் வழிகாட்டும் குண்டுகளை வியட்நாமுக்குக் கொண்டுபோய்விட்டது.

அந்த ஒளி கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. பெரும்பாலும் பயன்படுவது 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. மனிதக் கண் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 வரை. திரையில் காட்டப்படும் சிவப்புக் கோடு கற்பனை. ஆனால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது விழித்திரை வரை சென்று சுடக்கூடியது. பயிற்சிகளில் கண்ணுக்குத் தீங்கற்ற வேறு அலைநீளத்தைப் பயன்படுத்துவது இதனால்தான்.

ஒரே களத்தில் பல லேசர்கள் இருந்தால் ஏவுகணை குழம்பிவிடாதா?

லேசர் தொடர்ச்சியாக எரிவதில்லை. நொடிக்குச் சுமார் 10 முதல் 20 முறை துடிக்கிறது. துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியே குறியீடு. ஏவுவதற்கு முன் அந்தக் குறியீட்டை ஏவுகணைக்கும் லேசர் கருவிக்கும் ஒன்றாக அமைத்துவிடுவார்கள். வேறு குறியீட்டில் துடிக்கும் ஒளியையும் சூரியனின் பளபளப்பையும் ஏவுகணை பொருட்படுத்தாது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நொடிக்கு 20 துடிப்பு என்றால், நொடிக்கு 300 மீட்டர் போகும் ஏவுகணை ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவே 15 மீட்டர் பாய்ந்துவிடும். அந்த 15 மீட்டரும் அது கண்ணை மூடிக்கொண்டு போகிறது. அந்த இடைவெளியில், திசை மாறுவதை உணரும் கைரோஸ்கோப் கருவியும் மின்சுற்றுகளும்தான் அதைத் தடம் மாறாமல் வைத்திருக்கின்றன.

புள்ளியை நோக்கி நேராகப் போனால் போதாதா?

நிற்கும் இலக்குக்கு ஏறத்தாழப் போதும். முதல் பேவ்வே குண்டுகள் அப்படித்தான் போயின. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் செய்த அந்த வடிவமைப்பை எண்ணி வியக்கிறேன். உணரியை எல்லாப் பக்கமும் அசையும் மூட்டில் பொருத்தி, அதன் பின்னால் வளைய வடிவ வால் ஒன்றை வைத்தார்கள். எதிர்க்காற்று அந்த வாலைத் தள்ளுவதால் உணரி எப்போதும் குண்டு பறக்கும் திசையையே பார்க்கும். பறக்கும் திசைக்கும் புள்ளி தெரியும் திசைக்கும் வேறுபாடு இருந்தால் துடுப்பு அசைந்து அதைச் சரிசெய்யும். விலையுயர்ந்த கைரோஸ்கோப் செய்ய வேண்டிய வேலையைக் காற்றே செய்துவிட்டது.

குறையும் இருந்தது. துடுப்புகளுக்கு இரண்டே நிலைகள்: முழுவதும் திரும்பு, அல்லது நடுவுக்கு வா. அதனால் குண்டு இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டே போகும்; ஒவ்வொரு வெட்டிலும் வேகம் கரையும்; பாதை தொய்ந்து, குண்டு இலக்குக்கு முன்பாகவே விழும் வாய்ப்பும் உண்டு. பின்னர் வந்த மூன்றாம் தலைமுறைப் பேவ்வேயில் தேவையான அளவுக்கு மட்டும் துடுப்பைத் திருப்பும் முறை வந்தது.

ஓடும் இலக்குக்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைக் கடலோடிகள் ஏவுகணைகளுக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். உங்கள் படகிலிருந்து பார்க்கும்போது இன்னொரு படகு நாழிகை கடந்தும் அதே கோணத்தில், ஆனால் பெரிதாகிக்கொண்டே தெரிந்தால், இரண்டும் மோதப்போகின்றன என்று பொருள். மாலுமி உடனே திசையை மாற்றி மோதலைத் தவிர்ப்பார். ஏவுகணை அதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. இலக்கு தெரியும் கோணம் மாறத் தொடங்கியதும், அந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஏற்பத் திரும்பி, கோணத்தை மாறாமல் நிறுத்துகிறது. இதன்படி அது இலக்கு இப்போது இருக்கும் இடத்துக்குப் போகாமல், இனி வரப்போகும் இடத்துக்குப் போகிறது. திருப்பங்கள் குறைவு; ஆகவே வேகமும் மிஞ்சும்.

துடுப்பை அசைக்கச் சக்தி எங்கிருந்து வருகிறது?

அடைத்துவைத்த உயரழுத்த வாயு சிலவற்றில், சிறு மின்மோட்டார்கள் சிலவற்றில். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் வெப்ப பேட்டரி. அதன் உள்ளே இருக்கும் உப்பு சாதாரண வெப்பத்தில் திடமாக இருப்பதால் ஆண்டுக்கணக்கில் எந்த வேதிவினையும் நடக்காது. ஏவும் கணத்தில் சிறு வெப்ப மருந்தைப் பற்றவைத்தால் உப்பு உருகி மின்சாரம் பாயும். பறக்கும் நேரத்துக்கு அது போதும்.

எல்லா லேசர் ஏவுகணைகளும் சிதறும் ஒளியைத் தேடித்தான் போகின்றனவா?

இல்லை, இன்னொரு குடும்பமும் உண்டு. ஸ்வீடனின் ஆர்பிஎஸ் 70, ரஷ்யாவின் கோர்னெட், நம் டி-90 டாங்கியின் குழலிலிருந்தே சுடப்படும் இன்வார் ஆகியவை ஒளிக்கற்றையின் உள்ளேயே பயணம் செய்பவை. இவற்றின் உணரி மூக்கில் அல்ல, வாலில்; முன்னே இருக்கும் இலக்கைப் பார்க்காமல், பின்னே சுட்டவர் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கற்றையின் ஒவ்வொரு பகுதியிலும் ஒளி வெவ்வேறு விதமாகத் துடிப்பதால், தான் நடுவில் இருக்கிறோமா ஓரத்தில் இருக்கிறோமா என்று ஏவுகணை அறிந்து நடுவுக்குத் திரும்பும். வாலை நோக்கி நேரே வரும் ஒளி என்பதால் மெல்லிய லேசரே போதும். இலக்கில் இருப்பவர்களுக்குத் தங்கள் மேல் லேசர் படுவதை உணர்வதும் கடினம். ஆனால் சுட்டவரும் இலக்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். வேறொருவர் புள்ளி காட்ட வழியில்லை.

பிரிட்டனின் ஸ்டார்ஸ்ட்ரீக் இந்தக் குடும்பத்தில் தனித்து நிற்கிறது. முதலில் சிறு மோட்டார் அதைக் குழாயிலிருந்து வெளியே தள்ளும். சுடுபவரிடமிருந்து பாதுகாப்பான தூரம் போனதும் பெரிய மோட்டார் பற்றும். வேகம் ஒலியைப் போல் மூன்று மடங்கைத் தாண்டியதும் மோட்டார் கழன்றுகொள்ள, மூன்று அம்புகள் பிரிந்து, மோட்டாரே இல்லாமல், கற்றையைப் பற்றிக்கொண்டு போகும்.

மோட்டாரே இல்லாத லேசர் ஆயுதங்களும் உண்டா?

உண்டு. மேலே சொன்ன பேவ்வே குண்டுகளுக்கு மோட்டார் கிடையாது. விமானத்தின் வேகமும் உயரமும்தான் அவற்றின் கையிருப்பு. அமெரிக்காவின் காப்பர்ஹெட் 155 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து சுடப்படும் குண்டு. அதற்கு வேகம் தருவது பீரங்கிக் குழலின் வெடிமருந்து. வழிகாட்டும் முறை எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அர்ஜுன் ஏவுகணையில் என்ன சிறப்பு?

அது 120 மில்லிமீட்டர் பீரங்கிக் குழலிலிருந்தே சுடப்படுகிறது. குழலுக்குள் அடங்க வேண்டும் என்பதால் இறக்கைகள் மடிந்திருந்து வெளியே வந்ததும் விரிய வேண்டும். சுடும் கணத்தின் அதிர்ச்சியை உணரியும் மின்சுற்றுகளும் தாங்க வேண்டும். இதில் புணேயில் உள்ள இரண்டு பாதுகாப்பு ஆய்வகங்களும் டேராடூனில் உள்ள ஒளியியல் ஆய்வகமும் சேர்ந்து உழைத்தன. அர்ஜுன் டாங்கி ஆவடியில் உருவானது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். ஏவுகணையும் அங்கேயே உருவானது என்று சிலர் எழுதுவது சரியல்ல.

மேகம், புகை, தூசி வந்தால்?

லேசரின் பெரிய பலவீனம் இதுதான். ஒளி போக வேண்டும், சிதறித் திரும்பியும் வர வேண்டும். வழியில் மேகம் இருந்தால் இரண்டும் நடக்காது. வடக்கு வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை தாக்கியும் அமெரிக்காவால் வீழ்த்த முடியவில்லை. 1972 ஏப்ரல் 27 அன்று புதிய குண்டுகளோடு விமானங்கள் வந்தபோது மேகம் மறைத்ததால் லேசர் பயன்படவில்லை. மே 13 அன்று வானம் தெளிவாக இருந்தது. லேசர் குண்டுகளில் பாலத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது.

புகை திட்டமிட்ட தற்காப்பாகவும் பயன்படுகிறது. ரஷ்ய டாங்கிகளில் உள்ள ஷ்டோரா அமைப்பு தன்மேல் லேசர் படுவதை உணர்ந்து புகைக் குண்டுகளை வீசும். ஏவுகணையின் சொந்தப் புகையும் தொல்லைதான்: அது சுட்டவரின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும், லேசரின் பாதையையும் மறைக்கும். புகை குறைந்த எரிபொருளைத் தேடி இத்தனை ஆய்வு நடப்பது இதனால்தான்.

இவ்வளவு துல்லியம் என்றால் பொதுமக்கள் சாவது எப்படி?

இந்தக் கேள்வியைத் தொழில்நுட்பம் பேசும் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏவுகணைக்குத் தெரிவது புள்ளி ஒன்றே. அந்தப் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா காப்பிடத்தின் மேல் இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. குறி தப்பவில்லை. இரண்டும் காட்டிய இடத்திலேயே விழுந்தன. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, இறந்தார்கள். அது படைத் தலைமையிடம் என்று நம்பித் தாக்கியதாக அமெரிக்கா சொன்னது. துல்லியம் என்ற சொல் புள்ளிக்கும் வெடிப்புக்கும் இடையிலான தூரத்தை மட்டுமே அளக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை அது அளப்பதில்லை. செய்திகளில் அந்தச் சொல்லைப் படிக்கும்போது இந்த வேறுபாடு நினைவில் இருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் வந்த பிறகு லேசர் எதற்கு?

1991 வளைகுடாப் போரில் மேகமும் புகையும் லேசர் குண்டுகளை முடக்கிய அனுபவத்திலிருந்துதான் ஜிபிஎஸ் குண்டுகளுக்கு வேகம் பிறந்தது. அவற்றுக்கு வானிலை தடையில்லை, யாரும் இலக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். ஆனால் ஜிபிஎஸ் அறிவது ஓர் இடத்தின் ஆயங்களை. வண்டி நகர்ந்துவிட்டால் குண்டு காலி இடத்தில் விழும். லேசர் புள்ளியை வண்டியோடு சேர்த்து நகர்த்தலாம்; கடைசி நொடிகளில் வேறு பக்கம் இழுத்து, ஏவுகணையை வெற்று நிலத்தில் விழவைக்கவும் முயலலாம். இன்று பல ஆயுதங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: வழியெல்லாம் ஜிபிஎஸ், இறுதியில் லேசர். மோட்டார் மட்டும் பழையபடி சில நொடி எரிந்து அணைந்துவிடுகிறது.